ஃபெண்டரை மடிக்கலாம், சாயம் உடையாமல்: கேள்வி பதில்

செந்தூலில் கார்த் தகடு வேலையும் சாய வேலையும் பார்க்கும் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் ஃபெண்டரின் (நம் பெரியவர்கள் சொல்லும் மட்கார்டு) கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தகடு உள்பக்கமாகத் திரும்பி ஓர் உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் மாட்டும் கருவியின் உருளையை உதட்டின் மேல் ஓட்டி, அதை மேல்நோக்கி மடித்துத் தட்டையாக்குவதுதான் ரோலிங். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (செராஸ், மைவி): அண்ணா, ஸ்பிரிங்கை இறக்கி, அகலமான ரிம் போட்டேன். தனியாக ஓட்டும்போது ஒன்றுமில்லை. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது உரசுகிறது. ரோலிங் செய்தால் சரியாகிவிடுமா?

எது உரசுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள் தம்பி. உதடு உரசலாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு உரசலாம். பம்பரும் ஃபெண்டரும் சேரும் மூலையில் உள்ள திருகாணியும் உரசலாம். ரோலிங் முதல் குற்றவாளிக்கு மட்டும்தான் மருந்து. டயரின் தோள்பட்டை முழுவதும் சுண்ணக்கட்டியால் தடவுங்கள். பின் இருக்கையில் மூன்று பேரை உட்கார வைத்து, உரசும் அதே சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். சுண்ணாம்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் வேலை. திருகாணிதான் என்றால் அதை இடம் மாற்றினால் போதும். ஃபெண்டரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (பட்டர்வொர்த்): ரோலிங் எவ்வளவு இடம் தரும்? 6 அங்குல அகல ரிம்மை எடுத்துவிட்டு 7 அங்குலம் போடப் போகிறேன். ஆஃப்செட் 45 இருந்தது, புதியது 35.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் ஓர் அங்குலம் கூடினால் வெளிப்பக்கம் 12.7 மி.மீ., உள்பக்கம் 12.7 மி.மீ. கூடும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ. கணக்கில். அது 10 குறைந்ததால் சக்கரம் முழுவதுமாக 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக, வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும். உதடு 12 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் மடித்தாலும் மடிந்த தகட்டின் தடிமன் போகச் சுமார் 10 மி.மீ. தான் கிடைக்கும். மீதி 12 மி.மீ. எங்கிருந்து வரும்? தகட்டையே வெளியே இழுக்க வேண்டியிருக்கும். அது ரோலிங் இல்லை, வேறு வேலை. அதில் சாயம் பிழைப்பது அரிது. ஆஃப்செட் 48-ஐ ஒட்டிய ரிம்மைத் தேடுங்கள். சரியான ரிம் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான ரோலிங்.

கேள்வி (பலர்): சாயம் ஏன் வெடிக்கிறது? அழுத்தம் அதிகமாவதாலா?

அழுத்தம் கடைசிக் காரணம். உணவு கட்டும் வாழை இலையை நினைத்துப் பாருங்கள். பறித்த இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழிகிறது. தணலில் வாட்டி எடுத்தால் எப்படி மடித்தாலும் மடங்குகிறது. சாயமும் அப்படித்தான். உதட்டை மடிக்கும்போது மடிப்பின் வெளி வளைவில் இருக்கும் சாயம் இழுபடுகிறது. சூடாக இருந்தால் நீளும், ஆறியிருந்தால் உடையும்.

அடுத்தது தடிமன். தொழிற்சாலையில் அடித்த சாயம் எல்லா அடுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். மெல்லியது, சூளையில் வெந்தது, தகட்டை இறுகப் பிடித்திருப்பது. அதன் மேல் இன்னொரு முறை சாயம் அடித்திருந்தால் தடிமன் இரட்டிப்பாகலாம். அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை, புட்டி) பூசியிருந்தால் இன்னும் பல மடங்கு. தடித்த அடுக்கு வளைவில் அதிகமாக இழுபடும். பட்டியோ இழுபடவே இழுபடாது, துண்டாகப் பெயரும்.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். வெள்ளை நிறப் பழைய கார் ஒன்று. உரிமையாளர் முதல் சாயம் என்று சொன்னார், அவரும் அப்படி நம்பித்தான் வாங்கியிருந்தார். நான் அளந்து பார்க்கவில்லை. மழைக்காலக் காலை நேரம், அவசரத்தில் சூடும் ஒழுங்காகக் காட்டவில்லை. பின் ஃபெண்டரில் இரண்டாவது முறை உருளையை ஓட்டியபோது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். விளிம்பு நெடுகிலும் கோடு விழுந்தது. பிறகு உள்ளங்கை அளவுக்குப் பட்டி தட்டாகக் கழன்று தரையில் விழுந்தது. அந்தப் பக்கம் முழுவதையும் என் செலவில் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து சாயத்தின் தடிமனை அளக்காமல் எந்தக் காரிலும் கை வைப்பதில்லை. அளவி இல்லாதவர்கள் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை விளிம்போரம் நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): அண்ணா, நம் ஊர் வெயிலில் கார் ஏற்கெனவே கொதிக்கிறதே. நண்பகலில் செய்தால் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) இல்லாமல் முடியாதா?

நல்ல கேள்வி தங்கையே, ஆனால் முடியாது. வெயில் சுடுவது கதவையும் கூரையையும்தான். மடியப்போகும் உதடு சக்கரத்துக்கு மேலே நிழலில் இருக்கிறது. அதன் வெப்பம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஹீட் கன் கட்டாயம் வேண்டும்.

தகட்டின் மேற்பரப்பு 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். கையால் தொட்டால் ஓரிரு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாத சூடு அது. அகச்சிவப்பு வெப்பமானி விலை குறைவுதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹீட் கன்னின் வாயில் வரும் காற்று சில நூறு டிகிரி இருக்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சாயம் கொப்பளிக்கும், பம்பரின் பிளாஸ்டிக் நெளியும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை ஆட்டிக்கொண்டே இருங்கள். வெளிப்பக்கம் மட்டும் காட்டாமல் உள்பக்கமும் காட்டுங்கள். ஒவ்வொரு முறை உருளையை ஓட்டுவதற்கு முன்பும் மறுபடி சூடு காட்டுங்கள். தகடு நாம் நினைப்பதைவிட வேகமாக ஆறிவிடுகிறது.

கேள்வி (கிள்ளான்): கருவியைச் சக்கர போல்ட்டுகளில் மாட்டி ஓட்டும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். பேஸ்பால் மட்டையை டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் செருகிக் காரைத் தள்ளினால் போதும் என்கிறார் என் நண்பர்.

மட்டை வேண்டவே வேண்டாம். எவ்வளவு அழுத்தம் போகிறது என்று யாருக்கும் தெரியாது. விளிம்பு அலை அலையாக நெளியும். நெளிந்த தகட்டை நிமிர்த்துவது மடிப்பதைவிடக் கடினம்.

கருவி என்றால், காரைத் தூக்கித் தாங்கியில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும், அது பூட்டியிருந்த நடுப்பகுதியான ஹப் கீழே தொங்கும். அப்படியே கருவியை மாட்டினால் உருளை போகும் வட்டமும் ஃபெண்டரின் வளைவும் பொருந்தாது. இன்னொரு ஜாக்கியால், ஹப்பைத் தாங்கும் கீழ்க் கையை (லோவர் ஆர்ம்) மெல்ல உயர்த்தி, சாலையில் நிற்கும் உயரத்துக்கு ஹப்பைக் கொண்டு வாருங்கள். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். உதட்டின் பின்னால் ஒளிந்திருக்கும் மண்ணையும் சிறு கற்களையும் கழுவித் துடைத்து எடுங்கள். ஒரு கல் உள்ளே இருந்தால் வெளியே ஒரு புடைப்பாக வந்து நிற்கும்.

உருளையை முதலில் உதட்டில் பட்டும் படாமலும் வைத்துச் சூடு காட்டி ஓட்டுங்கள். பிறகு கைப்பிடியைச் சிறிது திருகி அழுத்தத்தைக் கூட்டுங்கள். மறுபடி சூடு, மறுபடி ஓட்டம். நேரே நின்ற உதடு பாதிச் சாய்வுக்கு வரவே எட்டுப் பத்து ஓட்டம் ஆகலாம், ஆகட்டும். டயர் தொடும் மேல் பகுதியை மடித்து, இரு முனைகளிலும் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள். பாதிச் சாய்விலேயே உரசல் நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தட்டையாக்கியே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். பதினைந்து நிமிடத்தில் முடிப்பதாகச் சொல்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஈப்போ சாலை): அப்பா 1985-இல் வாங்கிய புரோட்டோன் சாகா. மூன்று முறையாவது சாயம் அடித்திருப்போம். மடிக்கலாமா?

வேண்டாம் ஐயா. அந்த வயதுத் தகட்டில், அத்தனை அடுக்குச் சாயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அடித்தவருக்கே நினைவிருக்காது. மடித்தே ஆக வேண்டுமென்றால், அடுத்த முறை சாயத்தைச் சுரண்டித் தகடு தெரியும்போது மடித்துவிட்டுப் பிறகு அடிக்கச் சொல்லுங்கள். அப்பாவின் காரை அவசரப்பட்டுத் தொடாதீர்கள்.

கேள்வி (தஞ்சோங் பூங்கா, பினாங்கு): பின் ஃபெண்டரை மடித்து ஓராண்டு ஆகிறது. வெளியே ஒரு கீறலும் இல்லை. ஆனால் விளிம்பில் பழுப்பு நிறம் கசிகிறது. ஏன்?

துரு. இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன் என்றே சொல்லலாம்.

முன் ஃபெண்டர் போல்ட்டில் பூட்டியது, கழற்றி மாற்றலாம். பின் ஃபெண்டர் காரின் உடலோடு பற்றவைத்தது. அதன் உதட்டில் வெளித் தகடும் உள் தகடும் சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் நீர் புகாதபடி சீலண்ட் பூசியிருப்பார்கள். மடிக்கும்போது அந்தச் சீலண்ட் விரிந்து கிழிகிறது. வெளிச் சாயம் முழுதாக இருந்தாலும் உள்ளே மயிரிழை அளவு வழி திறந்துவிடும். ஒவ்வொரு மழையிலும் டயர் அந்த இடத்தில் நீரை அடிக்கிறது. கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று வேறு.

இப்போது செய்ய வேண்டியது: கசியும் இடத்தைத் தகடு தெரியும்வரை தேய்த்து, துருவை முழுதும் எடுத்து, எபாக்சி பிரைமர் அடித்து, பாலியூரிதேன் சீலண்ட்டால் மடிப்பை மூடி, மேலே சாயம் அடிக்க வேண்டும். இரு தகட்டுக்கும் நடுவே மெழுகு திரவம் தெளிக்கச் சொல்லுங்கள். தள்ளிப் போட்டால் தகடே ஓட்டையாகிவிடும். இனி மடிப்பவர்கள் எல்லோரும், வெடிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பின்பக்கத்தில் மடித்த அன்றே சீலண்ட் பூசிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

கேள்வி (சிகாம்புட்): அலுமினிய ஃபெண்டரை மடிக்கலாமா?

காந்தம் ஒட்டாவிட்டால் என்னிடம் கொண்டு வராதீர்கள். அலுமினியம் வளைக்க வளைக்க இறுகி, திடீரென்று தகடே வெடிக்கும்.

கேள்வி (பிறை): மடித்த பிறகு டயர் ஃபெண்டருக்கு வெளியே கொஞ்சம் நீட்டியிருக்கிறது. தொல்லை வருமா?

வரும். மோட்டார் வாகன (கட்டமைப்பு, பயன்பாடு) விதிகள் 1959 நடப்பில் இருக்கின்றன. உடலுக்கு வெளியே நீட்டிய டயரைப் பார்த்தால் சாலைப் போக்குவரத்துத் துறையினர் நிறுத்துவார்கள். காரை விற்கும்போது உரிமை மாற்ற ஆய்விலும் சிக்கல். சட்டத்தை விடுங்கள், வெளியே நீட்டிய டயர் மழையில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் முகத்தில் சேற்றை வாரி அடிக்கிறது. ரிம்மை மாற்றுங்கள்.

கேள்வி (காஜாங்): வெடிப்பு விழுந்துவிட்டது, ஆனால் நகம் படும் அளவுக்குக்கூட இல்லை. தொடு சாயம் தடவினால் போதுமா?

வெடிப்பு கிளியர் கோட்டோடு (நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற பளபளப்பு அடுக்கு) நின்றிருந்தால் போதும். வெடிப்புக் கோட்டின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது மேலோட்டமானதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈரத்திலும் கருப்பாகத் தெரிந்தால் அடிவரை போயிருக்கிறது. அப்படியானால் மேலே தடவுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். தேய்த்து, பிரைமர் போட்டுத்தான் அடிக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். அதுவரை காரை மழையில் நிறுத்தாதீர்கள்.