குழந்தைகள் இல்லத்தில் பெற்றோர் விழா: யாரை அழைப்பது, எப்படி நடத்துவது?

கேள்வி: எங்கள் குழந்தைகள் இல்லத்தில் இந்த ஆண்டு பெற்றோரைச் சிறப்பிக்க ஒரு விழா நடத்த எண்ணியுள்ளோம். தாய் மட்டும் உள்ள பிள்ளைகள், பாட்டி வளர்க்கும் பிள்ளைகள், பார்க்க யாருமே வராத பிள்ளைகள் என எல்லோரும் இருக்கிறார்கள். யார் மனமும் நோகாமல் எப்படி நடத்துவது? (ஓர் இல்லப் பொறுப்பாளர்)

பதில்: தயங்காமல் நடத்துங்கள். வறுமையாலோ நோயாலோ பிள்ளையை இல்லத்தில் விட நேர்ந்த தாய், ஊராரிடமும் உறவினரிடமும் வேண்டிய மட்டும் பேச்சு வாங்கியிருப்பார். அவரை மரியாதையோடு வரவேற்பது இல்லத்தின் கடமை என்றே கருதுகிறேன். பிள்ளையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே உரியது, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று குழந்தைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்குமான 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் கூறுகிறது. ஜூன் 1 உலகப் பெற்றோர் நாள் என 2012-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது, ஆயினும் நம் ஊரில் அது பள்ளி திறக்கும் நேரம் என்பதால், அந்த அலைச்சல் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

யாரை அழைப்பது என்பதைப் பிள்ளையிடமே தனியாகக் கேளுங்கள். குழந்தையை உண்மையில் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் என்று, இத்தகைய பிள்ளைகளின் பராமரிப்பை முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழு கருதி ஏற்கும் எவரையும் சட்டம் பாதுகாவலராகக் கொள்கிறது. ஆகவே பாட்டியோ அத்தையோ மூத்த அண்ணனோ வந்தால், தாய் தந்தைக்குரிய அதே இருக்கையும் அதே மரியாதையும் அவர்களுக்கும் உண்டு. அழைப்பிதழில் 'பெற்றோர்' என்று பொதுவாக அச்சிடாமல், வருபவரின் பெயரைப் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் ஆவணக் கோப்பையும் பாருங்கள். குறிப்பிட்ட ஒருவர் பிள்ளையைச் சந்திக்கக் கூடாது என்று குழுவின் உத்தரவு இருந்தால், விழாவுக்காக அதைத் தளர்த்த உங்களுக்கு அதிகாரம் இல்லை.

யாரும் வராத பிள்ளைகளைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். அன்று ஒரு நாளுக்கு மட்டும் ஒரு நன்கொடையாளரை 'அப்பா'வாக அமர்த்தும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மறுநாள் அவர் இருக்க மாட்டார். காய்ச்சலில் உடன் விழித்திருந்த ஆயா, சமையலறை அம்மா, இல்லத்தில் படித்து முடித்து இப்போது வேலையில் இருக்கும் அக்கா என்று பிள்ளை தானே விரும்பும் ஒருவரை அழைத்துக்கொள்ளட்டும். மேடையில் அதற்கென விளக்கம் எதுவும் வேண்டாம்.

வருபவர்களில் பலர் தினக்கூலிக்குச் செல்பவர்கள். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான் என்பதால், வெளியூரிலிருந்து வருவோரின் பேருந்துக் கட்டணத்தை விழாச் செலவிலேயே சேர்த்து, உறையில் இட்டுத் தனியே கொடுங்கள். பொன்னாடைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் ஆகும் பணம் இதற்குப் போதும்.

மேடை நிகழ்ச்சியைச் சுருக்கி, பிள்ளையும் வீட்டாரும் சேர்ந்து உட்கார ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எழுத்தறியாத பாட்டியின் மடியில் நோட்டை விரித்து, வரிக்கு வரி விரல் வைத்துப் பேரன் படித்துக் காட்டும்போது, அவர் எழுத்தைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்தச் சிறப்பு விருந்தினரின் உரையும் அதற்கு ஈடாகாது. தன் குடும்பக் கதையைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் ஒலிபெருக்கி முன் நிறுத்தாதீர்கள்.

படங்களில் கண்டிப்பாக இருங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நன்கொடையாளர்களுக்குப் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களின் படத்தை அனுப்புங்கள். குடும்பத்தினருக்கு அவரவர் பிள்ளையோடு எடுத்த படத்தை அச்சிட்டுக் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

விழா நாளிலேயே ஒரு மூலையில் மேசை போட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலரை அமரச் சொல்லுங்கள். மிஷன் வத்சல்யா என்னும் ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவின்கீழ், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் ஊரகப் பகுதியில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். கணவனை இழந்த தாய்மார்களுக்கும், பெற்றோரற்ற பிள்ளைகளை வளர்க்கும் உறவினர்களுக்கும் இந்த உதவி கிடைத்தால், பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க வழி பிறக்கும். எந்தெந்தச் சான்றுகள் தேவை என்பதை முன்கூட்டியே கேட்டு, அழைப்பிதழோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிவிடுங்கள்.