வாசகர் கேள்வி: விக்ஸ்பர்க்கை 47 நாள் காத்த மண்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் கையில் இருந்த, மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான விக்ஸ்பர்க் 47 நாள் முற்றுகையைத் தாங்கியதாகப் படித்தேன். வட படையின் கிராண்ட் மாதிரி ஒரு தளபதி மோதியும் அது ஏன் உடனே விழவில்லை? கோட்டைச் சுவர் அவ்வளவு பலமா?

பதில்: கற்சுவரே கிடையாது, எல்லாம் மண்தான். முப்பது வருடம் மண் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால் இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது தளபதிகள் அல்ல, சாமுவேல் லாக்கெட் என்ற பொறியாளர்.

தென் மாநிலக் கூட்டமைப்புப் படையின் பொறியியல் அதிகாரியாக 1862 ஜூனில் அவர் விக்ஸ்பர்க் வந்தபோது வயது 25 கூட ஆகவில்லை. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1859-ல் இரண்டாவதாகத் தேறியவர். ஆற்றிலிருந்து எதிரிக் கப்பல்கள் சுடுவது ஓய்ந்த பிறகு, ஏறக்குறைய ஒரு மாதம் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி நிலத்தைப் பார்த்தார். வெட்டு வேலை தொடங்கியது செப்டம்பர் 1-ல்தான். அந்த ஒரு மாதம்தான் ஊரைக் காத்தது என்பேன்.

அங்கே இருப்பது காற்று அடித்துக் கொண்டுவந்து குவித்த மண். மண்வெட்டி போட்டால் சுலபமாக இறங்கும். ஆனால் செங்குத்தாக வெட்டிவிட்டாலும் சரியாமல் சுவர் மாதிரி நிற்கும். முற்றுகையின்போது ஊர் ஜனங்கள் குகை தோண்டிக் குடியிருந்ததும் இந்த மண்ணில்தான். ஊருக்குள் சாலைகளும் ரயில் பாதையும் நுழையும் மேடுகளாகப் பார்த்து லாக்கெட் கொத்தளங்களை வைத்தார். இடையிடையே பதுங்குகுழிகளால் இணைத்தார். மொத்தம் சுமார் எட்டு மைல். எதிரே இருந்த பள்ளங்களையும் அரணில் சேர்த்துக்கொண்டதுதான் சாமர்த்தியம். 1863 மே 22 அன்று கிராண்ட் நேரடியாக மோதியபோது, அந்தப் பள்ளங்களில் இறங்கி ஏற முடியாமல் ஒரே நாளில் 3,000 பேருக்கு மேல் இழந்தார்.

அதற்கு ஐந்து நாள் முன்புதான், ஊருக்குக் கிழக்கே பிக் பிளாக் ஆற்றில் தோற்று ஓடிவந்த தென்படை பாலங்களைக் கடந்தது. எரிப்பதற்காக லாக்கெட் முன்கூட்டியே ரயில் பாலத்தில் பஞ்சையும் வேலிக் கட்டைகளையும் போட்டு வைத்திருந்தார். பாலமாகக் குறுக்கே நிறுத்தியிருந்த ‘டாட்’ என்ற நீராவிப் படகில் ஒரு பீப்பாய் டர்பன்டைன். கடைசி ஆட்கள் கடந்ததும் பீப்பாயில் தீக்குச்சி வைத்து, உதவியாளரோடு சேர்ந்து அதைக் கவிழ்த்துவிட்டு, கரைக்குக் குதித்தார். துரத்தி வந்தவர்கள் புதிதாகப் பாலம் கட்டித்தான் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது.

அப்புறம் முற்றுகை. அந்த எட்டு மைலுக்கும் அவரிடம் இருந்த மண்வெட்டி, பிக்காசு எல்லாம் சேர்த்து சுமார் 500. பயிற்சி பெற்ற சுரங்க வீரர்கள் 26 பேர். பகலில் பீரங்கி இடித்ததை ராத்திரியில் கட்ட வேண்டும். ஜூன் 25 அன்று லூசியானா படைப்பிரிவு நின்ற கொத்தளத்தின் அடியில் வட படை 2,200 பவுண்டு வெடிமருந்து வைத்து வெடித்தது. அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து, பின்னால் இன்னொரு மண்சுவர் ஏற்கெனவே எழுந்திருந்தது. உள்ளே பாய்ந்தவர்கள் அதைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் மண் தோற்கவில்லை, சோறுதான் தீர்ந்தது. ஜூலை 4 அன்று சரணடைந்தார்கள்.

கேள்வி: அடிமை முறைக்காகப் போரிட்ட படையின் அதிகாரியை இப்படிப் புகழலாமா? (இது வேறொரு வாசகி, முன்பு தென்படைத் தளபதி ராபர்ட் லீ பற்றி எழுதியபோது கேட்டது. இங்கேயும் பொருந்துகிறது.)

பதில்: வேலையைப் புகழ்கிறேன், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அல்ல. அந்த எட்டு மைலை வெட்டிய கைகளில் பெரும்பங்கு அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவரின் கைகள். தோட்ட முதலாளிகளிடமிருந்து அவர்களை வரவழைத்து வேலை வாங்கினார்கள். முற்றுகை நாள்களிலும் லாக்கெட்டின் கணக்கில் 72 பேர், மேலே நான்கு மேஸ்திரிகள். அவர்களில் பலர் அப்போது நோயாளிகள். எதிரியின் சுரங்கத்தைத் தேடி மண்ணுக்குள் தோண்டியவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். வெடித்தபோது புதைந்து போனவர்கள் உண்டு.

அவர்களில் ஒருவர் வெடிப்பில் தூக்கி எறியப்பட்டு, வட படையின் பக்கம் உயிரோடு விழுந்தார். எவ்வளவு உயரம் போனாய் என்று கேட்டதற்கு, மூன்று மைல் இருக்கும் என்றாராம். கிராண்ட் தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். பெரிய காயம் ஒன்றுமில்லை. வட படையின் ஜெனரல் லோகன் அவரைத் தன் இருப்பிடத்துக்கு அழைத்துப் போனார். முற்றுகை முடியும் வரை அந்த மனிதர் அங்கேதான் வேலை பார்த்தார்.