பால் கலக்காத கிரீமரில் பால் புரதம்

கேள்வி: பாக்கெட் தேயிலைத் தூளில் ‘பால் அல்லாத கிரீமர்’ சேர்ந்திருப்பதாக அச்சிட்டிருக்கிறார்கள். அது எதனால் ஆனது? பால் ஒவ்வாமை உள்ள என் பேரனுக்குக் கொடுக்கலாமா? – வாசகி, யாங்கோன்.

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. தேநீரில் பாலுக்குப் பதிலாகச் சேர்க்கும் அந்தக் கிரீமர் தூளில் பெரும்பகுதி, மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் குளுக்கோஸ் பாகும், கெட்டிப்படுத்திய தேங்காய் எண்ணெய் அல்லது செம்பனை விதை எண்ணெயும்தான். இவற்றை நீருடன் கலந்து, கொழுப்பை நுண்துளிகளாக்கி, வெப்பக் காற்றில் தெளித்து உலர்த்துகிறார்கள். தேநீர் வெளுப்பது அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால். ஆனால் துளிகள் ஒன்றுசேராதிருக்கப் பெரும்பாலும் சேர்க்கப்படும் சோடியம் கேசினேட், வேடிக்கையாக, பாலிலிருந்தே பிரித்தெடுத்த புரதம். லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை மட்டும் செரிக்காதவர்களுக்கு இது பொதுவாகத் தொல்லை தராது. புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ சிறு அளவும் ஆபத்தாகலாம். கேசினேட் சேராத வகைகளும் விற்பனைக்கு உண்டு என்பதால், பாக்கெட்டின் பின்புறப் பட்டியலைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.