டெக்சஸில் டாலஸ் பக்கத்துப் பிளேனோவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, பள்ளிக்கூடம் எது நல்லது, பழைய கார் எங்கே வாங்கலாம் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டீர்களே, தெரு முழுக்கக் குடியரசுக் கட்சிப் பலகை, பக்கத்து வீட்டார் வந்ததுமே சர்ச்சுக்குக் கூப்பிடுகிறார்கள், பயமாக இருக்கிறது என்று. அதற்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்பார்கள். எச்1பி வேலை விசாவில் இருக்கும் நீங்கள் ‘இல்லை’ என்றுதான் குறிக்க வேண்டும். கிரீன் கார்டு வந்தாலும் அதேதான். குடியுரிமை இல்லாமல் பதிந்தால் நாடு கடத்தும் வரை போகலாம். இப்போதைக்கு எந்த வேட்பாளருக்கும் பத்து டாலர்கூட நன்கொடை கொடுக்காதீர்கள், அதுவும் சட்டவிரோதம்.

இனி பயத்துக்கு வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் டாலஸ் வந்தபோது கார் ஓட்டத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு அலுவலக நண்பர்தான் கூட்டிப் போவார். வண்டி ரேடியோவில் குடியரசுக் கட்சிப் பக்கம் பேசும் ரஷ் லிம்பா கத்திக்கொண்டிருப்பார். இரு தரப்பையும் சொல்ல வேண்டும் என்ற ஒலிபரப்பு விதியை 1987-ல் நீக்கினார்கள். மறு வருடமே நாடு முழுக்கக் கேட்கிற நிகழ்ச்சியைத் தொடங்கியவர் அவர். எனக்குப் பாதி புரியாது, புரிந்த பாதி வயிற்றைக் கலக்கும். ஆனால் நண்பரின் அப்பா ஆயுசு முழுக்க ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். அந்தக் காலத்தில் டெக்சஸே அப்படித்தான். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1978-ல்தான் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் இங்கே கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். 1994-க்குப் பிறகோ மாநில அளவிலான ஒரு பதவியைக்கூட ஜனநாயகக் கட்சி பிடிக்கவில்லை.

1964 அதிபர் தேர்தலில், கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் ஆறே மாநிலங்களில் ஜெயித்துப் படுதோல்வி அடைந்தபோது அந்தக் கட்சியின் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் கறுப்பர்களுக்கான உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டளித்தவர் என்பதால், அந்த ஆறில் ஐந்து தெற்கு மாநிலங்கள். அப்புறம் 1978-ல் கலிபோர்னியாவில் சொத்து வரிக்கு எதிரான வாக்கெடுப்பு ஜெயித்தது. கருக்கலைப்பை அனுமதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கொதித்த சர்ச்சுகளும் திரண்டன. அந்த வழக்கு புறப்பட்டதும் டாலஸிலிருந்துதான். 1980 ஆகஸ்டில் இதே டாலஸில் ஆயிரக்கணக்கான போதகர்கள் முன் நின்று, நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது, நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார் அந்த வருடத்துக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரீகன். நவம்பரில் 44 மாநிலங்கள் அவருக்கு.

ஆக, ஒரே பலகைக்குப் பின்னால் வரியை வெறுப்பவர், கம்யூனிசத்தை வெறுப்பவர், சர்ச்சுக்காரர் எல்லோரும் இருப்பார்கள். யார் எந்த ரகம் என்று தெரியும் வரை துப்பாக்கி, கருக்கலைப்பு பற்றி வாயே திறக்காதீர்கள். சர்ச்சுக்குக் கூப்பிட்டால், நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று சிரித்தபடி சொன்னால் போதும், மரியாதைதான் கூடும். கடவுளே இல்லை என்று பெரியார் திடல் கூட்டம் மாதிரி ஆரம்பித்துவிடாதீர்கள்.

உண்மையில் எனக்கு எரிச்சல் தருகிறவர்கள் நம்மவர்கள்தான். ஒரு கூட்டம், வெள்ளைக்காரர் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல், எல்லாரும் இனவெறியர் என்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் தீர்ப்பு எழுதும். இன்னொரு கூட்டம் பெரிய வீடு வாங்கியதும், இனி யாரையும் நாட்டுக்குள் விடக்கூடாது என்று பேசும். 1946 முதல் இங்கே குடியேற இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கீடு இருந்தது. அதை மாற்றியது 1965 குடியேற்றச் சட்டம். கோல்ட்வாட்டர் எதிர்த்த உரிமைச் சட்டம் வந்த மறு வருடம், அதே அலையில் வந்தது. இதைச் சொன்னால் அந்த அண்ணன்களுக்கு உடனே போன் வந்துவிடும்.

என் முதல் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் வரி வெறுப்பு ரகம். காரேஜில் ரீகன் படம் மாட்டியிருப்பார். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது, சொத்து வரியில் பிடுங்குவார்கள் பார் என்று சிரித்தார். அந்த வரிக்காக வீட்டுக்குப் போடும் மதிப்பீட்டை எதிர்த்து மனுப் போடுவது எப்படி என்று சமையல் மேசையில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஓட்டு விஷயத்தில் கடைசி வரை எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. மனு மட்டும் வருடாவருடம் இரண்டு வீட்டிலிருந்தும் போகும். நீங்களும் வீடு வாங்கினால் மறக்காதீர்கள், பொதுவாக மே 15 கெடு.