வாசலில் ஒரு கொடி

கேள்வி: சிங்கப்பூரில் 18 ஆண்டுகளாக நிரந்தரவாசியாக இருக்கிறேன். அந்நாட்டின் தேசிய தினமான ஆகஸ்ட் 9 அன்று என் மகன் சிங்கப்பூர்க் கொடியை வீட்டு வாசலில் கட்டும்போது, இந்தியக் குடிமகனான என் மனம் உறுத்துகிறது. அவனைத் தடுக்கலாமா?

பதில்: தடுக்காதீர்கள். தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக ஏற்ற நாட்டில் வளர்ந்து, ஈராண்டு தேசிய சேவைக்கு (ராணுவம், காவல் போன்ற கட்டாயப் பணி) செல்லவிருக்கும் பிள்ளைக்கு, அது பள்ளித் திடலில் காலைதோறும் தான் அசையாமல் நின்று, ஏற்றப்படக் கண்ட கொடி. ஆகஸ்ட் 15 அன்று உங்கள் கண் கலங்குவதும் அதே அளவு உண்மைதான். அதை அவனிடம் மறைக்க வேண்டாம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை என்பதால், எந்தக் கடவுச்சீட்டை அவன் வைத்துக்கொள்வது என்பதை இப்போதே அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.