உட்கார்ந்திருந்தாராம்

அன்புள்ள ஐயா,

ராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஜூனியராக இருக்கிறேன். சீனியர் வாரத்தில் பாதி நாள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இருப்பார். இங்கே நாங்கள் மூன்று பேர். இலங்கையில் அரசுடைமையாகிவிட்ட விசைப்படகின் மேல் வாங்கிய கடன், தொண்டியில் ஒரு பாகப்பிரிவினை, கடலில் காணாமல் போனவரின் வழக்கு என்று கட்டுகள் குவிந்து கிடக்கின்றன. உடன் வேலை செய்பவருக்கு விவாகரத்து வழக்கு நடக்கிறது. எனக்கு நிச்சயமான திருமணம் போன மாதம் நின்றுவிட்டது. மறுநாள் கோர்ட்டுக்குப் போக முடியவில்லை. நண்பரைச் சொல்லவைத்து வாய்தா வாங்கிவிட்டேன். காணாமல் போனவரின் மனைவி மாலைவரை வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாராம். "வீட்டை வாசலிலேயே விட்டுவிட்டு வா" என்கிறார் சீனியர். அது முடிகிற காரியமா? எங்கள் அலுவலகத்தை ஒரு நாவலாக எழுதலாமா?

ம.

அன்புள்ள ம.,

நாவலைப் பிறகு பார்க்கலாம். சீனியர் சொன்னதையும் விட்டுத்தள்ளுங்கள். வாசலில் கழற்றிவிட்டு வர வீடு என்ன செருப்பா? அழுகை வந்தால் அழுங்கள் அம்மா. ஒரு மாதத்தில் ஆறுகிற காயமில்லை அது.

ஆனால் "உட்கார்ந்திருந்தாராம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "ஆம்" என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் பார்க்கவில்லை, யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் சீனியருக்குத் தாவிவிட்டீர்கள். நான் அப்படி ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவன்.

மூக்கையூர்ச் சித்திக்கு முப்பதாம் நாள் பூசை போன வாரம்தான் முடிந்தது. அவருடைய தகரப்பெட்டியில், வாய்தாத் தேதிகளை வட்டமிட்ட காலண்டர் தாள்கள் கிடைத்தன. மொத்தம் பதினொன்று.

சித்தப்பாவின் வல்லம் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. ஒருவரைப் பற்றி, இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இது 108-ஆவது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 111. எண்தான் மாறியது, ஏழு ஆண்டு அப்படியே இருக்கிறது. இறந்துவிட்டார் என்றுதான் சட்டம் அனுமானிக்கும், இன்ன நாளில் இறந்தார் என்று அனுமானிக்காது. அதனால் எந்த நாளில் பூசை வைப்பது என்று சித்திக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஏழு ஆண்டு காத்தபிறகு வழக்குப் போட்டார். முதல் பஸ்ஸில் சாயல்குடி, அங்கிருந்து ராமநாதபுரம். துணைக்கு நான், எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தி மீன்கூடை தூக்காத நாளில் அந்த வீட்டில் உலை வைக்கக் காசு இருக்காது. கோர்ட்டில் பெயர் கூப்பிடுவார்கள், எங்கள் வக்கீல் வந்திருக்க மாட்டார். யாரோ எழுந்து வாய்தா கேட்பார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அது முடிந்ததுகூடப் புரியாமல், மீண்டும் கூப்பிடுவார்கள் என்று மாலைவரை மரத்தடியில் உட்கார்ந்திருப்போம்.

ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, வக்கீலின் மனைவி மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று குமாஸ்தா சொன்னார். திரும்பும் பஸ்ஸில் சித்தி வக்கீலை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பாவம், அவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார். நேற்றே டீக்கடைப் போனுக்குச் சொல்லியிருந்தால் நான் கூடையைத் தூக்கியிருப்பேன்" என்றார்.

வாய்தா வாங்கியதற்காக நான் உங்கள்மேல் கோபப்படவில்லை. நின்றுபோன கல்யாணத்தோடு யாரால் வாதாட முடியும்? முந்தின நாள் மாலை அந்தப் பெண்மணிக்கு ஏன் சொல்லவில்லை? வாய்தா கேட்கச் சொல்லி நண்பரோடு பேச முடிந்தது அல்லவா? வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவரின் எண் கட்டின் மேலட்டையிலேயே எழுதியிருக்குமே! சித்தி காலத்தில் ஊருக்கே ஒரு போன், அதுவும் டீக்கடையில். இன்று அந்தப் பெண்மணியின் இடுப்பிலேயே போன் இருக்கிறது. நீங்கள் மூன்று பேர் இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதை வாசித்ததும் அவரைக் கூப்பிடுங்கள். அன்று ஏன் வரவில்லை என்று சொல்லுங்கள். கல்யாணம் நின்றதைச் சொன்னாலும் தவறில்லை, அவருக்குப் புரியும். அடுத்த தேதியைச் சொல்லுங்கள். எந்த பஸ்ஸில் வருகிறார் என்று கேளுங்கள்.