சமையலறை ஸ்பீக்கரை ஹாலுக்குக் கொண்டு வாருங்கள்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். ஒன்றை ஹாலில் ஷோகேஸ் மேலேயும், இன்னொன்றைச் சமையலறையிலும் வைத்திருக்கிறேன். வருஷக்கணக்காகக் கேட்ட பாட்டுகளில் இதுவரை கேட்காத தாளமெல்லாம் கேட்கிறது. "காசு கொடுத்திருக்கிறீர்கள், அதனால் அப்படித் தோன்றுகிறது" என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி?
- வாசகர், தக்கலை

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. அந்தத் தாளம் பாட்டில் எப்போதும் இருந்தது, உங்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நம் மாவட்டத்தில் பலருக்கும் பாட்டு முதலில் வந்ததே கோவில் கொடையிலும் பள்ளித் திருவிழாவிலும் தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான். பாடுகிறவர் குரலை நாலு தெரு தாண்டிக் கொண்டுபோகும். ஆனால் அடித்தொனியை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, எழுப்ப அந்தக் குழாயின் வாய் போதாது. அப்புறம் வந்த செல்போன் இன்னும் மோசம். பேஸ் கிதாரின் அடித்தந்தி எழுப்புவது சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. செல்போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே போனாலே ஓய்ந்துவிடும். ஒரு ஸ்வரத்தோடு கூடவே எழும் உயர்ந்த கிளைத்தொனிகளை வைத்து மூளை அந்த ஸ்வரத்தை ஊகித்துக்கொள்வதால் மெட்டு புரிந்துவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கனத்த ஒலி தரும் பக்கத்தில், விழும் 'தொம்' மட்டும் வராது. அதற்கு நிறைய காற்றை அசைக்க வேண்டும், ஸ்பீக்கருக்குள் அதிரும் கூம்பு பெரிதாக இருக்க வேண்டும்.

சரி, இத்தனை செலவு செய்துவிட்டு ஜோடியை ஏன் பிரித்தீர்கள்? ஸ்டீரியோ பதிவில் வயலின் ஒரு பக்கமும் தபேலா மறுபக்கமும் இருக்கலாம். இப்போது உங்கள் வீட்டில் ஹாலில் இருப்பவருக்குப் பாதிப் பாட்டு, சமையலறையில் இருப்பவருக்கு மீதி. இரண்டையும் ஹாலுக்கே கொண்டு வாருங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்தில் நாற்காலியைப் போடுங்கள். ஷோகேஸ் உச்சி வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வரும் கீச்சு ஒலி நேர்கோட்டில் போகிற சுபாவம் கொண்டது, ஜால்ராவும் சலங்கையும் உங்கள் தலைக்கு மேலே போய்விடும். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரமே சரி. மூலையிலும் திணிக்காதீர்கள், அடித்தொனி ஊதிப் பெருத்துப் பாடகரை அமுக்கிவிடும்.

அறையையும் கவனியுங்கள். மரத்தட்டும் ஓடும் போட்ட பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. இன்றைய கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று திரும்பினால் கனமான திரைச்சீலையும் தரையில் ஒரு ஜமுக்காளமும் போடுங்கள். இதைவிட விலை கூடிய ஸ்பீக்கரைத் தேடிப் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

பழைய மோனோ பாட்டுகளில் இடம், வலம் என்று எதுவும் பிரியாது. பதிவில் உள்ள இரைச்சலும் சேர்ந்தே தெளிவாகும். அதற்காக ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசியாக, பின்பக்க ஒயர்கள். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் இரண்டு கூம்புகளும் எதிரெதிராக அசைந்து அடித்தொனியை ஒன்றுக்கொன்று தின்றுவிடும். அதைச் சரிபார்த்துவிட்டு, நல்ல தவில் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு, அந்த நாற்காலியில் மைத்துனரை உட்கார வையுங்கள்.